மடை மாற்றிக்கொள்ளும் ஊர்

ஒரு மனிதன் மேல் பொறாமைப்படுவது எல்லோருக்கும் உள்ளதுதான். நான் ஒரு முழு ஊரின் மேல் பொறாமைப்பட்டேன். அது என் மனைவியின் ஊர். எங்கள் ஊரிலிருந்து தெற்கே மூன்று மைல். இரண்டு ஊர்களுக்கும் ஒரே கால்வாய்த் தண்ணீர், ஒரே மாதிரி மண், ஒரே விதை நெல். அங்கே தண்ணீர் வழக்குக்காக நாகர்கோவில் கோர்ட்டுப் படி ஏறியவர் ஒருவர்கூட இல்லை. எங்கள் ஊரில் ஏறாதவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

எதையும் தேதி போட்டு எழுதி வைக்கிற பழக்கம் எனக்குப் பதினாறு வயதிலிருந்தே உண்டு. பக்கத்தின் தலையில் கொல்லம் ஆண்டு, அதன் கீழே தமிழ் மாதமும் நாளும், ஓரத்தில் ஆங்கிலத் தேதி. இந்தப் பொறாமை எப்போது முளைத்தது, எப்போது வளர்ந்தது என்று அந்த நோட்டுகளைப் பார்த்தே சொல்ல முடிகிறது.

1947ஆம் வருஷக் கடைசியில் எனக்கு இருபத்துமூன்று வயது. எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் வாத்தியார் வேலை. சனிக்கிழமைகளில் நாகர்கோவிலுக்குப் போய் வாசகசாலையில் பத்திரிகைகள் படிப்பேன். வடக்கே நாடு இரண்டாகப் பிரிந்த இடத்தில் நேற்றுவரை பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்ட செய்திகள் வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்தன. ஒரு கட்டத்தில் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் புத்தக அலமாரிப் பக்கம் போனேன். சண்டை போடாத மனிதர்கள் உலகத்தில் எங்காவது இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

இருந்தார்கள். மலையா நாட்டுக் காடுகளில் ஒரு கூட்டம், கோபப்படுவதையே பெரிய ஆபத்தாக நினைக்கிறதாம். இன்னொரு கூட்டத்தில் இரண்டு பேருக்கு ஒத்துவரவில்லை என்றால் ஒருவன் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு வேறிடம் போய்விடுவானாம். இவற்றையெல்லாம் ஒரு தனி நோட்டில் எழுதினேன். எழுத எழுத எனக்கு எரிச்சல் வந்தது. காட்டில் இருப்பவன் எழுந்து போய்விடலாம். அடுத்த மலையிலும் கிழங்கு இருக்கும். வயல் வைத்திருப்பவன் எங்கே போவான்? அவனால் வயலைச் சுருட்டிக்கொண்டு போக முடியாது. பக்கத்து வயல்காரன் முகத்தில்தான் நாளை காலையிலும் விழிக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் சண்டை இல்லாமல் இருந்ததாகப் புத்தகம் எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. அப்படி ஓர் ஊர் மூன்று மைலில் இருந்தது. 1951 தையில் அங்கேதான் பெண் எடுத்தேன்.

கல்யாணமாகி ஒரு வாரத்தில் என் மனைவி கேட்டாள்: "இங்க உச்சிக்கு எப்பவும் இப்படித்தான் சத்தம் போடுவாங்களா?"

சத்தம் போட்டவர்கள் நானும் என் அண்ணனும்.

எங்கள் அப்பா 1949இல் இறந்தார். வீட்டின் நடுவில் சுவர் எழுந்தது; வயலின் நடுவில் வரப்பு எழுந்தது. கால்வாயிலிருந்து வரும் மடை மட்டும் ஒன்றுதான். அதிலிருந்து இடது பக்கம் வெட்டிவிட்டால் தண்ணீர் அண்ணன் வயலுக்கு, வலது பக்கம் வெட்டிவிட்டால் என் வயலுக்கு. தண்ணீர் குறைந்த மாதங்களில் முறை வைத்துக்கொண்டோம். விடியலிலிருந்து உச்சி வரை அவன், உச்சியிலிருந்து அந்தி வரை நான். இவ்வளவும் பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடித்தது. உச்சி என்றால் எப்போது என்று மட்டும் யாரும் பேசவில்லை. அதைப் பேச வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அண்ணனுக்கு உச்சி என்பது ஒரு பனையின் நிழல். எங்கள் நடுவரப்பு தெற்கு வடக்காகப் போகிறது. அதன் தென்கோடியில் ஒற்றைப் பனை. அதன் நிழல் வரப்பின் மேல் நேராகப் படுத்தால் உச்சி. எனக்கு உச்சி என்பது கையில் கட்டியிருந்த வாட்சில் பன்னிரண்டு மணி. பள்ளிக்கூட மணியும் அப்போதுதான் அடிக்கும். பிள்ளைகள் சாப்பாட்டுக்கு ஓடும்போது நானும் மண்வெட்டியோடு வயலுக்கு ஓடுவேன். ஒரு மணிக்குள் திரும்பிவிட வேண்டும்.

"ஏலே, நிழலு இன்னும் வரப்பில ஏறல்ல. கண்ணு தெரியாதா?"

"மணி பன்னெண்டு ஆச்சு. வேணும்னா வாட்சைப் பாரும்."

"உன் வாட்சு ஐப்பசியில நல்லாத்தான் ஓடுகு. தை பொறந்தா அதுக்கு எங்கேருந்துலே இம்பிடு அவசரம் வருகு?"

இப்படித் தொடங்கி, செத்துப்போன அப்பா வரைக்கும் போய்த்தான் நிற்கும். இருவரும் ஒரே சமயத்தில் மண்வெட்டியை மடையில் போட்டு, மண்ணும் தண்ணீரும் முகத்தில் தெறித்த நாட்கள் உண்டு. வீட்டுக்கு வந்தால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மீதி வரும்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அண்ணன் சொன்னதுதான் சரி. 1950 மார்கழியில் பூகோளப் புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தபோது அது எனக்குத் தெரிந்தது. நாடு முழுவதும் ஒரே நேரம் என்று வைத்திருக்கிறார்கள் அல்லவா, அந்த நேரம் நமக்கு வெகுதூரம் கிழக்கே போகிற ஒரு கோட்டுக்கு உரியது. சூரியன் அங்கே உச்சிக்கு வந்த பிறகுதான் நாஞ்சில் நாட்டுக்கு வரும். போதாததற்கு, மாதத்துக்கு மாதம் அது கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். ஐப்பசியில் வாட்சுக்கும் பனைக்கும் ஐந்து நிமிஷம்கூட வித்தியாசம் வராது. தையில் அரை மணி வரும். தண்ணீர் அருமையாகிற தையில், நாள்தோறும் அரை மணித் தண்ணீரை நான் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். இதைக் கணக்குப் போட்டு, படம் வரைந்து, தேதியிட்டு நோட்டில் எழுதினேன். அண்ணனிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? பள்ளிக்கூட மணி ஒரு காரணம். உண்மையான காரணம் வேறு. அண்ணனுக்கு மண்ணை மிதித்தாலே ஈரம் எவ்வளவு என்று தெரியும். அவன் வயலில் கதிர் தலை சாய்ந்து நிற்கும்போது என் வயலில் பாதி நேராக நிற்கும். ஊரில் நெல்லைப் பற்றிப் பேசினால் அவன் பெயர்தான் வரும். அவனிடம் இல்லாமல் என்னிடம் இருந்தது அந்த வாட்சு ஒன்றுதான். அதுவும் பொய் என்று நானே எப்படிப் போய்ச் சொல்வேன்?

1952 ஆனியில், ஏழாம் மாதத்தில், என் மனைவியைப் பேறுகாலத்துக்கு அழைத்துப் போனார்கள். புரட்டாசியில் பெண் குழந்தை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அப்போதுதான் அந்த ஊரை அருகில் வைத்துப் பார்த்தேன்.

அந்த ஊர் வயல்களில் பேச்சுச் சத்தம் உண்டு, கூச்சல் இல்லை. மடையில் குனிந்து நிற்பவன் பின்னால் யாராவது வந்து நின்றால் திரும்பிப் பார்க்க மாட்டான். எங்கள் ஊரில் அப்படிக் குனிந்து நிற்க யாருக்கும் தைரியம் கிடையாது. என் மகள் அங்கே பகலில் மணிக்கணக்காகத் தூங்கினாள். நான் உள்ளே நுழைந்து, "ஏட்டி, குழந்தை முழிச்சிருக்கா?" என்று என் வழக்கமான குரலில் கேட்டதும் இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிட்டு அழுதாள். மாமியார் அவளைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். அந்த ஊரின் அந்த அமைதி எனக்குப் பொறுக்கவில்லை.

அன்றைக்கு ஒரு முடிவு செய்தேன். சண்டை போடாத மனிதர்களைப் பற்றி எழுதிய அதே நோட்டைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து அந்த ஊர்ச் சண்டைகளை எழுதத் தொடங்கினேன். இவர்களும் எங்களைப் போன்றவர்கள்தான், வெளியே தெரியாமல் வைத்திருக்கிறார்கள், அதை வாரத்துக்கு ஒன்றாகக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஐப்பசியில் முதல் சண்டை கிடைத்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வயல்வழியே போகும்போது இரண்டு பேர் மடையில் நின்று தண்ணீருக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குள்ளம், ஒருவர் தலையில் துவர்த்துத் துண்டு கட்டியிருந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றேன்.

"உன் வரப்பு நடந்து வருகுடே. வருஷத்துக்கு ஒரு சாண். உன் அப்பன் காலத்திலேருந்து பாக்கேன்," என்றார் குள்ளமானவர்.

"நடக்கட்டுமே. நீ சோம்பேறி, உன் வயலாவது கொஞ்சம் பின்னால நடக்கட்டும்."

என் மனைவியின் அண்ணன் வந்தார். அந்த ஊரில் தண்ணீர் முறை பார்க்கிறவர் அவர்தான். அவசரப்படாமல் வந்து வரப்பில் உட்கார்ந்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"இல்ல," என்றார்கள் இருவரும்.

"அப்ப முடிச்சுட்டுச் சொல்லுங்க."

முடித்தார்கள். யாராவது உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது அவ்வளவு நேரம் திட்ட முடியாது என்பதை அன்று கவனித்தேன். பிறகு அவர், "சரி, மாத்திக்கிடுங்க," என்றார். எனக்குப் புரியவில்லை. அவர்களுக்குப் புரிந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

அது அந்த ஊர் வழக்கம். தண்ணீருக்காக இரண்டு பேர் சண்டை போட்டால் அந்தப் பூ, அதாவது அந்தப் போகம், அறுவடை ஆகும்வரை இவன் வயலுக்கு அவனும், அவன் வயலுக்கு இவனும் தண்ணீர் விட வேண்டும். தன் வயல் மடையில் தானே கை வைக்கக் கூடாது. தண்டனை வேறு கிடையாது. யார் பக்கம் நியாயம் என்று யாரும் விசாரிப்பதும் இல்லை.

"இது எப்படி நடக்கும், அத்தான்? ரெண்டு பேரும் அடுத்தவன் வயலைக் காயப் போட்டுருவானே," என்றேன்.

"போடுவான். மொத வாரம் போடுவான்."

போட்டார்கள். இரண்டு ஞாயிறு கழித்துப் போனபோது இரண்டு வயலும் ஓரத்தில் மஞ்சள் தட்டியிருந்தன. நோட்டில் சந்தோஷமாக எழுதிக்கொண்டேன். கார்த்திகை நடுவில் போனபோது மஞ்சளைக் காணவில்லை. குள்ளமானவர் என்னைக் கூப்பிட்டு, தன் எதிரியின் வயலைக் காட்டினார். "பாத்தீரா பயிர? அவன் கையில இருந்தா இப்படி நிக்குமா? நம்ம கைபட்டது, ஓய்." அந்தப் பக்கம் தலைத்துவர்த்துக்காரர் குள்ளமானவரின் வயலில் முழங்கால் சேற்றில் நின்று அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

அன்று என் மச்சினரிடம் சொன்னேன். "உங்க ஊர்க்காரங்க நல்லவங்க, அத்தான்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. "நல்லவனா? பொறாமை பிடிச்ச பயலுவ, மாப்பிளே. அடுத்தவன் வயலு என் கையில வாடிச்சுன்னு நாலு பேரு சொன்னா எவனுக்குப் பொறுக்கும்? அதுனாலதான் ஓடுகு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்தேன். எங்களிடம் இருந்த அதே பொறாமைதான் அவர்களிடமும் இருந்தது. அதை அவர்கள் நுகத்தில் பூட்டி வேலை வாங்கினார்கள். எங்கள் பொறாமை அவிழ்த்துவிட்ட மாடாகப் பயிரை மேய்ந்துகொண்டிருந்தது. இதற்கு அவர்கள் ஒரு புத்தகமும் படிக்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அவர்களைப் பெரிதாக்கவும் நான் விரும்பவில்லை. பின்னால் 1954இல், எந்த மாநிலத்தோடு சேருவது என்ற கிளர்ச்சி மேற்கே மூண்டிருந்தபோது, அந்த ஊரிலும் இரண்டு கட்சியாகப் பிரிந்து டீக்கடையில் தனித்தனி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அதற்கு மாற்றிக்கொள்ள மடை எதுவும் இல்லை. அவர்கள் சாமர்த்தியம் தண்ணீர் அளவுதான். அதையும் விடாமல் நோட்டில் எழுதினேன்.

கார்த்திகைக் கடைசியில் மனைவியிடம், "தை பொறந்ததும் வண்டி கொண்டு வரட்டா?" என்று கேட்டேன்.

அவள் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "உச்சிக்கு அந்தச் சத்தம் இருக்குமா?"

"அது அண்ணன் வாய். நான் என்ன செய்ய?"

"பெரியத்தான் வாயைப் பத்தி நான் கேக்கல்ல. சத்தத்தைத்தான் கேட்டேன்." கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, "நீங்களும் பெரியத்தானும் சத்தமில்லாம மடை மாத்துனதை ஒரே ஒரு நாள் நான் பாத்துட்டா அண்ணைக்கே வாறேன்," என்றாள்.

"இல்லேன்னா?"

"இங்க எனக்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லியே."

அதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். பேறு முடிந்து ஐந்தாம் மாதத்தில் புருஷன் வீட்டுக்கு வராத பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்தே சொன்னாள். என் மனைவியையும் மகளையும் ஒரு ஊர் என்னிடமிருந்து பறித்துக்கொண்டது போல இருந்தது. அந்த ஊரோடு நான் எப்படிச் சண்டை போடுவது?

அதனால் அந்த ஊர் செய்வதையே செய்து காட்டுவது என்று தீர்மானித்தேன். மார்கழியில் ஒரு விடியற்காலை, யாரிடமும் சொல்லாமல், மண்வெட்டியோடு போய் அண்ணன் வயலுக்கு மடையை வெட்டிவிட்டேன். அவன் எழுந்து வருவதற்குள் அவன் வயல் நிறைந்திருக்கும், பார்த்து மனசு இளகிவிடுவான், உச்சிக்கு அவனே என் வயலுக்கு விடுவான் என்று நினைத்தேன். தண்ணீர் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, நானும் அந்த ஊர்க்காரன் ஆகிவிட்டதாகவே தோன்றியது.

"என்னலே செய்யுக?" அண்ணன் வரப்பில் ஓடிவந்தான்.

"உம்ம வயலுக்குத் தண்ணி விடுகேன்."

"எவன்லே கேட்டான்?" மண்வெட்டியைப் பிடுங்கி மடையை அடைத்தான். அடைத்துவிட்டு வயலின் மறுகோடியைக் காட்டினான். தண்ணீர் அங்கே வடிகால் வழியாக ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. "நேத்து அந்திக்கு உரம் போட்டுட்டு வத்த விட்டிருக்கேன். அம்புட்டும் ஓடைக்குப் போவுது. ஒரு பூவை அழிச்சிட்டியேலே."

ஆட்கள் கூடினார்கள். நான் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று சொன்னேன். ஒருவர் சிரித்தார். அண்ணன் அவர்களைப் பார்த்துச் சொன்னான்: "உச்சிக்கு அரை மணி களவாண்டது போதாதுன்னு, விடியவே வந்து வயலக் கழுவி விட்டுட்டான். எல்லாரும் பாத்துக்கிடுங்க, நாளைக்குச் சாட்சி சொல்லணும். அடுத்த வாரம் நாகர்கோவிலுக்கு வக்கீலப் பாக்கப் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை போய் நடந்ததைச் சொன்னேன். மச்சினர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"கேக்காமலா விட்டீரு?"

"அதைக் கேக்கணுமா?"

"அதுதானே மாப்பிளே வழக்கமே. மாத்திக்கிட்டவன் நேரே போயி, உன் வயலுக்கு என்ன வேணும்னு கேக்கணும். சண்டை போட்ட வாயால கேக்கணும். அந்தக் கஷ்டம்தான் கஷ்டம். தண்ணி விடுகது எவனும் விடுவான்."

இரண்டு மாதம் உளவு பார்த்து, நோட்டில் பக்கம் பக்கமாக எழுதினவன் நான். அவர்கள் மடையில் என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் எழுதியிருந்தேன். மடைக்கு வருமுன் ஒருவன் வீட்டு முற்றத்தில் இன்னொருவன் போய் நின்றதை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

மச்சினர் வெளியே போன பிறகு மனைவி கேட்டாள். "ஒண்ணு கேக்கட்டா? பனை சரியா, வாட்சு சரியா?"

எல்லாம் தெரிந்த வாத்தியார் என்ற நினைப்பில் விளக்கத் தொடங்கினேன். கிழக்கே உள்ள கோடு, ஐப்பசி, தை, சூரியன் முந்துவது, பிந்துவது. அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப பனைதான் சரி," என்றாள்.

"ஆமா."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு வருஷமாகுது."

அவள் எழுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். "நான் இம்புட்டு நாளும் பெரியத்தானத்தான் மனசுக்குள்ள திட்டிட்டிருந்தேன்," என்றாள். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மறுநாள் பள்ளிக்கூட மணி அடித்ததும் வயலுக்குப் போனேன். ஓடவில்லை. அண்ணன் மடையருகே காவல் நிற்பது போல நின்றுகொண்டிருந்தான். நான் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் நின்றேன். நேரம் போனது.

"என்ன, வாட்சு நிண்ணு போச்சா?"

"ஓடுகு. பன்னெண்டேகாலு."

"பிறகு ஏன் சும்மா நிக்க?"

"நிழலு இன்னும் வரப்புக்கு வரல்லல்லா."

அவன் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தான். நான் சொன்னேன். வாட்சு காட்டுவது நம் ஊர் உச்சியை அல்ல, பனை காட்டுவதுதான் நம் ஊர் உச்சி, தையில் அரை மணி வித்தியாசம் வரும், அவன் சொன்னது ஒவ்வொரு நாளும் சரி. முழுக்கக் கேட்டான். பிறகு அவனும் அதையே கேட்டான்.

"எப்பத் தெரிஞ்சுது?"

நேற்று என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. "ரெண்டு வருஷமா தெரியும்."

அவன் கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. பனையைப் பார்த்தான். "போன தையில நான் இந்தப் பனையச் சந்தேகப்பட்டேன். நீ படிச்சவன், வாட்சு கட்டினவன், உனக்கா தப்பு வரும்னு நினைச்சேன். பனை சரிஞ்சு போச்சோன்னு மயிலாடியிலேருந்து ஒரு கல் கொத்தனக் கூட்டிட்டு வந்து தூக்குநூலு போட்டுப் பாத்தேன். அவன் சிரிச்சிட்டுப் போனான்."

பிறந்ததிலிருந்து நான் அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்து, தன் கண்ணையே சந்தேகப்பட்டிருக்கிறான். அதைக் கேட்டு வெட்கப்பட்டேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

நிழல் வரப்பில் ஏறிப் படுத்தது. இருவரும் அசையவில்லை.

"உம்ம வயலுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"இன்னும் ரெண்டு நாளைக்கு ஒண்ணும் வேண்டாம். மிச்சம் இருக்க உரமாவது மண்ணில பிடிக்கட்டும். உரம் போட்ட வயலுக்கு உடனே தண்ணி காட்டப்படாதுன்னு ஒரு புத்தகத்திலயும் எழுதல்லியா, வாத்தியாரே?"

என் மனைவி சொன்னதையும், அந்த ஊர் வழக்கத்தையும் அவனிடம் சொன்னேன். அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"அது உன் மாமனார் ஊரு வேலை. அவனுவ நல்லவனுவ. நமக்கு எப்படி ஒத்து வரும்?"

"இல்ல. நம்மள மாதிரிப் பொறாமை பிடிச்சவனுவதான். நான் ரெண்டு மாசமா பாக்கேன்."

"அப்படியா? அப்படின்னா பாக்கலாம்," என்றான்.

மூன்றாம் நாளிலிருந்து மாற்றிக்கொண்டோம். விடியலில் நான் போய் அவன் வயலுக்கு வெட்டிவிட வேண்டும். உச்சியில் அவன் தன் பக்கத்தைத் தன் கையாலேயே அடைத்து என் வயலுக்கு விட வேண்டும். முதல் வாரம் எனக்கு எழுந்திருக்கவே கசந்தது. வேண்டுமென்றே மெதுவாகப் போனேன். அவனும் நிழல் வரப்பைத் தாண்டிய பிறகுதான் மடைக்கு வந்தான். இரண்டாம் வாரம் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, வாசலில் நின்று, பிள்ளைகள் முன்னாலேயே கேட்டான்: "உன் வயலு மேற்கு மூலையில தண்ணி நிக்க மாட்டேங்கு. நண்டு ஓட்டை. அடைக்கட்டா, வேண்டாமா?" மூன்று வருஷமாக அந்த மூலை ஏன் காய்கிறது என்று எனக்குத் தெரியாமலே இருந்தது. அடைக்கச் சொன்னேன்.

வக்கீலிடம் அவன் போகவில்லை. போக மாட்டேன் என்று சொல்லவும் இல்லை.

தை பாதியில் என் வயல் நிறம் மாறிவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்த வருஷங்களில் இல்லாத கரும்பச்சை. வழியில் போகிறவர்கள் நின்று பார்த்து, "ஓய், அண்ணன் கையில குடுத்த பிறகு வயலு வயலாட்டு இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குச் சுருக்கென்று குத்தியது. அவன் வயலைப் பழுதில்லாமல் காப்பாற்ற நான் விடியுமுன் எழுந்து ஓடியதற்கு அந்தக் குத்தல் ஒன்றுதான் காரணம். உரம் போன இடத்தில் அவன் பயிர் முதலில் வெளுத்திருந்தது. அதை மீட்டுக் கொடுக்காவிட்டால் ஊர் என் கையைத்தான் சொல்லும்.

மனைவிக்குச் சொல்லி அனுப்பினேன். பதில் வரவில்லை. தைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், கால்வாய்க் கரையில் ஒரு வண்டி வந்து நின்றது. மச்சினர் ஓட்டி வந்திருந்தார். அவள் குழந்தையோடு இறங்கி, எங்களைக் கூப்பிடாமல், கரையிலேயே நின்றாள். வண்டிக்குள் அவள் பெட்டி இருந்தது. அதை இறக்கச் சொல்லவில்லை.

நான் பார்த்துவிட்டேன். அண்ணன் பார்த்தானா என்று தெரியவில்லை. அவன் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தான். நிழல் வரப்பில் படுத்தது. அவன் தன் பக்கத்தில் நான்கு வெட்டு மண் போட்டு மிதித்தான், என் பக்கத்தை வெட்டினான், தண்ணீர் திரும்பியது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் மண்வெட்டியைக் கழுவிவிட்டு நிமிர்ந்தான்.

"என்ன மக்கா, சத்தம் வருமான்னு பாக்க வந்தியா?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ஆமா, பெரியத்தான்."

"ஒரு நாழிகை முன்னால வந்திருந்தா கேட்டிருக்கலாம். உன் புருஷன் வரப்பில வழுக்கி விழுந்துட்டு என்னத் திட்டினான். நான் உடனே, முடிஞ்சுதாலேன்னு கேட்டேன். முடிஞ்சுதுன்னு சொல்லிட்டான்."

அவள் சிரித்தாள். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் ஊரில், அவள் வீட்டில் நான் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் அதுவரை கேட்டதில்லை. அண்ணன் கையைத் துவர்த்தில் நன்றாகத் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கினான். அது அவன் முகத்தை உற்றுப் பார்த்தது, அழவில்லை. நான் அருகில் போய்க் கையை நீட்டியதும் முகத்தைத் திருப்பி அவன் தோளில் புதைத்துக்கொண்டது.

"பெட்டிய இறக்குங்க," என்றாள் என் மனைவி என்னிடம்.

அவர்கள் மூன்று பேரும் முன்னால் போனார்கள். அண்ணன் ஏதோ சொன்னான், அவள் மறுபடியும் சிரித்தாள். பெட்டி கனமாக இருந்தது. தூக்கிக்கொண்டு, வரப்பில் மறுபடி வழுக்காமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, வேகமாக நடந்து அவர்களை எட்டிப்பிடிக்கப் பார்த்தேன்.